சிலிக்கனுக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவே

தனிமங்களை அணு எடை வரிசையில் எழுதி, குணம் ஒத்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கும் அட்டவணை வந்த புதிது. பாளையங்கோட்டையில் மாசிலாமணி என்ற ரசாயன ஆசிரியர் அதைத் தம் ஆய்வறைச் சுவரில் எழுதி வைத்திருந்தார். சிலிக்கனுக்குக் கீழே, வெள்ளீயத்துக்கு மேலே ஒரு கட்டம் காலி. அதற்குரிய தனிமத்தை அதுவரை யாரும் கண்டதில்லை.

அவருடைய சீடர் சவரிராயன். வயதில் குருவுக்குச் சற்றே இளையவர், பேரன் எடுத்தவர். குருவுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒருநாள் காலை மாசிலாமணி வந்து பார்த்தால், காலிக் கட்டத்தில் ‘மாசிலாமணியம்’ என்று எழுதியிருந்தது.

ஒரு கருங்கல்லைக் கரைத்து வெள்ளைப் பொடி எடுத்ததாகச் சவரிராயன் சொன்னார். அதன் அணு எடை சிலிக்கனுக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவில் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அறிவிக்க ஏற்பாடும் செய்துவிட்டார்.

குரு பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துச் சோடா உப்போடு கலந்து, கரித்துண்டின் குழியில் வைத்து, ஊதுகுழலால் சுடரை அதன்மேல் திருப்பினார். மூச்சு வாங்க வாங்க ஊதினார். வெள்ளிபோல் ஒரு சிறு மணி திரண்டது. அதைச் சுற்றிக் கண்ணாடி உருகி நின்றது.

மணியை ஆறவைத்துச் சீடரின் உள்ளங்கையில் வைத்தார். சவரிராயன் கத்தியால் கீறினார். எளிதாகக் கீறல் விழுந்தது.

“வெள்ளீயம்,” என்றார். கண்ணாடியைப் பார்த்தார். “மணலும் சோடாவும் உருகினால் வருவது. சிலிக்கன்.”

இரண்டும் கலந்திருந்ததால்தான் எடை நடுவில் வந்திருக்கிறது. சவரிராயன் சுவர் அட்டவணையின் பக்கம் திரும்பினார்.

“இடைவெளியை மூடி, மற்றவற்றை நகர்த்திவிடலாமா ஐயா? பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.”

“நகர்த்தினால் சிலிக்கனுக்குக் கீழே எது வரும்?”

“ஆர்சனிக்.”

“அதற்கு யாருடைய குணம்?”

“பாஸ்பரஸின் குணம்.” சவரிராயன் தலை குனிந்தார். “வேண்டாம். ஆர்சனிக் பாஸ்பரஸுக்குக் கீழேயே இருக்கட்டும்.”

அறிவிப்பு இல்லை என்று ஊர்ப் பெரியவர்களிடம் தாமே போய்ச் சொல்லிக்கொள்வதாகக் குரு சொன்னார். பிறகு கேட்டார்:

“என் பெயரை ஏன் எழுதினீர்?”



“உங்களுக்குப் பிறகு பெயர் நிற்க வேண்டாமா, ஐயா?”

மாசிலாமணி ஈரத்துணியால் அந்தக் கட்டத்தைத் துடைத்தார். ஓர் எழுத்தும் மிச்சமில்லாமல் துடைத்தார்.

“என் பெயர் சொல்ல நீர் இருக்கிறீர். இந்த இடம் வேறொருவருடையது.”