தொய்வு விட்ட கொடிப்பாலம்

ஒரு மலைக்காட்டு ஓடையின் இரு கரையிலும் இரண்டு மருத மரங்கள் நின்றன. சற்றுத் தள்ளி, கம்பத்துக்குக் கம்பம் மின்கம்பி ஓடையைத் தாண்டிப் போனது.

அக்கரை மரத்து உச்சியில் ஒரு மலையணில் கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. அது இரை தேடி இக்கரைக்கு வந்த நேரத்தில், வழக்கமாகத் தாண்டும் கிளை முறிந்து வெள்ளத்தோடு போய்விட்டது. கண் திறக்காத குட்டிகள் அங்கே. பால் கொடுக்க வேண்டிய தாய் இங்கே.

இக்கரையில் ஒரு மந்தி இருந்தது. கொடி கட்டுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. அது அதற்கும் தெரியும். அதுதான் தொல்லை.

"அழாதே தங்கச்சி. நான் அக்கரைக்குத் தாவிவிடுவேன். ஆனால் உன் கூடு இருக்கிற நுனிக்கிளை என்னைத் தாங்காது, குட்டிகளை எடுத்து வர முடியாது. நீயும் தினமும் இரைக்கு வந்து போக வேண்டும். கொடி கட்டித் தருகிறேன், நீயே போ" என்றது மந்தி.

சொன்னபடியே கொடியின் ஒரு முனையை இங்கே கட்டி, மறுமுனையோடு அக்கரைக்குத் தாவியது. கிளைக் கவட்டில் காலை ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. கொடி விறைத்து நின்றது.

மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி, "அக்கா, கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். இந்தக் கம்பியைப் பாருங்கள், நடுவில் வயிறு தள்ளித்தானே தொங்குகிறது?" என்றது.

"அதைக் கட்டியவன் சோம்பேறி! என் வேலை அப்படித் தொங்கினால் காடே சிரிக்கும்."

"தினமும் இதில்தான் உட்காருகிறேன். மத்தியான வெயிலில் இது நீண்டு கீழே இறங்கும். விடியற்காலைக் குளிரில் சுருங்கி மேலே ஏறும். சுருங்கவும் இடம் விட்டிருக்கிறான். எவ்வளவு இறங்கினாலும் கீழே உள்ள புதரைத் தொடாது. அவனா சோம்பேறி?"

மந்தி காதில் வாங்காமல் அப்படியே இறுக்கி முடிச்சுப் போட்டது.

அணில் கொடியில் கால் வைத்தது. நாலு அடி போயிருக்கும், காற்று கிளம்பியது. இரண்டு மரமும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. கொடி முறுகியது. அணில் திரும்பி ஓடி மரத்தைப் பற்றவும், கொடி படீரென்று அறுந்து வெள்ளத்தில் விழவும் சரியாக இருந்தது.

மின்கம்பியோ அதே காற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டு, பழையபடி நின்றது.

மந்தி அதையே வெகுநேரம் பார்த்தது. அதன் முகத்தில் இருந்த வீறாப்பு எங்கோ போயிருந்தது. பிறகு வேறொரு கொடியை அறுத்து வந்தது. இந்தத் தடவை இழுக்கவில்லை. நடுவில் தொய்வு விட்டு, தண்ணீரைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்து, ஒரு பிடி ஏற்றிக் கட்டியது.

மறுபடி காற்று அடித்தது. மரங்கள் விலகின, கொடி கொஞ்சம் நிமிர்ந்தது. மரங்கள் நெருங்கின, கொடி கொஞ்சம் இறங்கியது. அணில் அதன்மேல் ஓடிக் கூட்டுக்குள் புகுந்தது. சற்று நேரத்தில் குட்டிகளின் கத்தல் அடங்கியது.

"குருவி, அந்தக் கம்பியைக் கட்டியவன் எப்போதாவது இந்தப் பக்கம் வருவானா?" என்று கேட்டது மந்தி.

"எதற்கு அக்கா?"

"சோம்பேறி என்று சொல்லிவிட்டேன். ஒரு கும்பிடு போட வேண்டும்."

விறைப்பாக இழுத்துக் கட்டப் பலம் போதும். எவ்வளவு விட்டுக்கொடுத்துக் கட்டுவது என்று தெரிவதே அறிவு.