கடைசிப் பாட்டுக்கு ஒரு பொன்னாடை

கதையில் கடிகார மணி வரும் இடங்களை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது.

ஆலந்தீவு என்று ஓர் ஊர். சுற்றிலும் கழிமுகத் தண்ணீர். அக்கரைக்குப் போக ஒரே ஒரு விசைத்தோணி. அறுபது பேர் ஏறலாம், போய்வரக் கால் மணி நேரம். பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மூன்று முறை ஊராட்சித் தலைவரானவர் மாசிலாமணி. போன ஐப்பசியில் பொழுது சாய்ந்த நேரத்தில் தோணி கவிழ்ந்து, ரெஜினாவின் ஒன்பது வயது மகன் ஆல்வின் செத்துப்போனான். மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் உத்தரவு போட்டார்: இனி மாலை ஐந்துக்கு மேல் தோணி ஓடக்கூடாது. பாலத்தைவிட உத்தரவு சுலபம்.

செத்த பிள்ளைக்குத் தாய்மாமன் பிரிட்டோ. கிட்டாரும் கையுமாகத் திரிகிற ராக் பாடகன். 'உப்புக்காற்று' என்று நாலு பேர் சேர்ந்த குழு அவனுடையது. ராத்திரி பகலாக அழுதவன், அந்த அழுகையை வைத்தே ஒரு பாட்டுக் கட்டினான். "ஆல்வின் கேக்கறான், பாலம் எங்கே?" என்று ஆரம்பிக்கும். மூன்றே மாதத்தில் கடற்கரை முழுக்க அதே பாட்டு. மாசிலாமணியின் ஜீப் தெருவில் திரும்பினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோரஸாக எடுத்துவிடுவார்கள்.

"பாட்டுப் பாடி எவன்டா தேர்தல்ல ஜெயிச்சான்?" என்று டீக்கடையில் சிரித்தவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பு பிரிட்டோவைத் தைத்தது. ஊர் கொடுத்த தைரியத்தில் ரெஜினா மாசிலாமணியை எதிர்த்து நின்றாள். ஜெயித்தால் பாலம், தோற்றால் பிள்ளை செத்தது சும்மா என்றாகிவிடும். அவள் அப்படித்தான் நினைத்தாள்.

பிரிட்டோவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாலம் பாட்டைக் கடைசியில்தான் பாடுவான். தொண்டை கிழியக் கத்திக் கேட்டாலும் மசியமாட்டான். அந்தப் பாட்டைக் கேட்காமல் கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போனதில்லை. அதில் அவனுக்கு ஒரு கிறக்கம்.

இதையெல்லாம் கவனித்து வைத்திருந்தவன் தனுஷ்கோடி. மாசிலாமணியின் மச்சான்; ஆனால் அவரோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். அவன் பிரிட்டோவிடம் வந்தான்.

"ஓட்டுப்பதிவு அன்னைக்கே ஒரு கச்சேரி வைப்போம் தம்பி. இங்க மைக் கட்ட விடமாட்டாங்க. அக்கரை வேற ஊராட்சி, அங்க அடுத்த கட்டத்துலதான் தேர்தல். மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி மூணுக்கு முடிச்சிரலாம். அந்தப் பாட்ட மட்டும் வழக்கம்போலக் கடைசியா வச்சிக்கிடுங்க."

பிரிட்டோ பூரித்துப் போனான். அன்றே ஒரு வீடியோ போட்டான்: "யாரும் காலையிலேயே ஓட்டுப் போட்டுறாதீங்க. கச்சேரி முடிஞ்சு எல்லாரும் ஒண்ணாத் தோணியேறி, பாடிக்கிட்டே போய்ப் போடுவோம். நாடே பாக்கட்டும்!"

ரெஜினா பயந்தாள். "போட்டுட்டு வந்து பாட்டுக் கேக்கட்டுமேடா."

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

சொன்ன நாளில், சொன்ன சொல் தட்டாமல், முந்நூறு இளவட்டங்கள் ஓட்டுப் போடாமலே அக்கரைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அத்தனையும் ரெஜினாவின் ஓட்டு. ஜெனரேட்டர் மட்டும் மக்கர் பண்ணியது. தனுஷ்கோடி வேர்த்து விறுவிறுத்து அங்கும் இங்கும் ஓடினான். ஒருவழியாக அது உறுமியபோது மணி மூன்றரை.

டிரம்ஸ் வாசிக்கும் நூர்தீன் பிரிட்டோவின் கையைப் பிடித்தான். "மாப்ள, பாலம் பாட்ட இப்பவே பாடி அனுப்பிருவோம். அதப் பாடாம ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்."

பிரிட்டோ கடிகாரத்தைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். முந்நூறு பேரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். "அத மொதல்ல பாடிட்டா அப்புறம் நமக்கு என்ன இருக்கு? நாலு பாட்டச் சுருக்கிக்கலாம்" என்றான். ஒரு பாட்டைக்கூட அவன் சுருக்கவில்லை.

கடைசிப் பாட்டு தொடங்கியபோது மணி ஐந்து பத்து. முடிந்து, பாடிக்கொண்டே துறைக்கு வந்தார்கள். தோணி எதிர்க்கரையில் கட்டிக் கிடந்தது. தோணிக்காரன் சூசை கைபேசியில் "உத்தரவு, உத்தரவு" என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தான். இக்கரையில் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்ற ரெஜினாவுக்குத் தண்ணீர் தாண்டி மகனின் பெயர் கேட்டது. ஆறு மணிக்குச் சாவடிக் கதவைச் சாத்தினார்கள்.

நூற்றுத் தொண்ணூறு ஓட்டில் மாசிலாமணி ஜெயித்தார்.

வெற்றி விழாவில் அவர் ஒரு பட்டுப் பொன்னாடையை உயர்த்திப் பிடித்து, "என்னை ஜெயிக்க வச்ச ஆளுக்கு இது" என்றார். தனுஷ்கோடி முந்திக்கொண்டான்: "மேடை போட்டதும் நான், ஜெனரேட்டர் டீசலை வடிச்சதும் நான்!" சூசை விடவில்லை: "அழுதாங்க, கெஞ்சுனாங்க. நான் கயித்த அவுத்தேனா?" மாசிலாமணி குலுங்கிச் சிரித்தார். "உத்தரவு போட்டது நான்தானேடா. அப்போ நானே போத்திக்கிடவா?"

மாசிலாமணி நியாயஸ்தர் இல்லை. ஆனாலும் அன்று அவர் நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அந்தப் பொன்னாடை யாருக்குப் போயிருக்க வேண்டும்?

விடை: மூவருக்கும் இல்லை. ஐந்துக்குமேல் தோணி இல்லை என்பது ஊரறிந்த உத்தரவு. டீசலை வடித்ததிலும் போனது இரண்டரை மணி நேரம்தான். மூன்றரைக்கே அந்தப் பாட்டைப் பாடியிருந்தால், ஐந்து நடையில் முந்நூறு பேரும் கரையேறியிருப்பார்கள். ஐந்துக்கு முன்னால் சூசையும் மறுத்திருக்க முடியாது. காலையில் போடாதே என்றதும், மாலைவரை எழவிடாமல் உட்கார வைத்ததும் ஒரே குரல். பாட்டுக்காரனால் தேர்தலை மாற்ற முடியுமா என்று டீக்கடையில் இப்போது யாரும் கேட்பதில்லை. பொன்னாடை மறுநாள் காலை பிரிட்டோவின் வீட்டுக்கு வந்தது. அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ரெஜினாவே பொட்டலத்தைப் பிரித்து, மடிப்பு உதறி, தம்பியின் தோளில் போர்த்திவிட்டாள்.