விரியன் சட்டையைப் போட்ட சுவரேறி

பாம்புக்கும் பல்லிக்கும் வாயில் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒச்சாயி என்ற பெண்ணின் மண்சுவர் வீட்டில் ஒரு சின்னப் பெண் பாம்பு குடியிருந்தது. விஷமில்லாத சாதி. தலையிலிருந்து வால்வரை ஒரே பழுப்பு; மருந்துக்குக்கூட ஒரு கோடு கிடையாது. செங்குத்தான சுவரிலும் விறுவிறுவென்று ஏறிப் பல்லி பிடிக்கும். அதனால் ஒச்சாயி அவளுக்குச் சுவரேறி என்று பேர் வைத்திருந்தாள்.

"அடியே சுவரேறி, குறுக்க வராதடி. மிதிச்சுப்புட்டா அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது" என்பாள் ஒச்சாயி, முறத்தில் தானியம் புடைத்துக்கொண்டே.

"இந்தா போயிட்டேன்க்கா" என்று சுவரேறி ஒதுங்கிப் போவாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் சண்டை சச்சரவெல்லாம்.

ஒச்சாயிக்கு அவளைக் கண்டு பயமில்லை. சரி, நல்லதுதான். ஆனால் வேறு யாருக்குமே பயமில்லையே, அதற்கு என்ன செய்வது? பூனை அவளைப் பந்து மாதிரி உருட்டியது. காக்கை வாலைப் பிடித்து இழுத்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்தக் கோடையில் சுவர்ப்பொந்தில் ஐந்து முட்டை இட்டாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. புள்ளிக்கோழி ஒன்று பொந்துக்குள் அலகை விட்டு இரண்டு முட்டையை அவள் கண் முன்னாலேயே கொத்தித் தின்றது.

"ஐயோ, விட்டுரு! என் பிள்ளைகளை விட்டுரு!"

"விடலைன்னா என்னடி பண்ணுவ? நீ கடிச்சா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று கோழி அலகைத் துடைத்துக்கொண்டது. "மிச்சம் மூணையும் பொழுது சாய வந்து தின்னுக்கிறேன்."

சுவரேறி என்ன செய்வாள்? எந்த வாசலில் போய் நிற்பது? வீட்டுக்குப் பின்னால் ஒரு புற்று இருந்தது. கோழி அந்தப் பக்கமே மேயாது. பூனையும் சுற்றித்தான் போகும். அதற்குள் இருந்தவன் கட்டுவிரியன். அவனிடமே போனாள். வேறு கதி இல்லையே.

உச்சிவெயில் நேரம். விரியன் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு தூங்கி வழிந்தான். பக்கத்தில் அவன் அன்றைக்குத்தான் உரித்துப் போட்ட சட்டை கிடந்தது. கழுத்துப் பக்கம் வெறுமை. நடுவிலிருந்து வால் நுனிவரை நெருக்கமாகப் பட்டை பட்டையாய் வெள்ளைக் கட்டு.

"அண்ணே, உங்க பழைய சட்டையை எனக்குக் குடுங்கண்ணே" என்றாள்.

விரியன் தலையைத் தூக்கவில்லை. சுருளுக்குள்ளிருந்தே சொன்னான்: "எடுத்துக்க. எனக்கு எதுக்கு அது? ஆனா நான் ஏன் பகல்ல வெளியே தலைகாட்டுறதில்லைன்னு நினைக்கிற? எனக்கும் பயந்தான் தாயி. இந்தக் கட்டைக் கண்டா மனுசன் கம்பைக் கீழே போடமாட்டான்."

"மனுசங்களுக்கு என்னையத் தெரியும்ணே. ஒச்சாயி அக்கா என்னைய எதுவும் செய்யாது."

அப்போது வீட்டுப் பக்கம் கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. பொழுது சாயும்வரைகூட அதற்குப் பொறுக்கவில்லை போலும்.

பாம்பு சட்டை உரிக்கும்போது வாய் வழியாகத்தான் வெளியே வரும். அதைத் திரும்பப் போட வேண்டுமானால், அந்த வாய்க்குள் வாலை விட்டுப் பின்னோக்கி நுழைய வேண்டும். நிதானமாக இருக்கிற பாம்புக்கு இது தெரியாதா என்ன? பதறின காரியம் சிதறும். சுவரேறி அந்த வாய்க்குள் தலையை விட்டு முண்டியடித்து நுழைந்தாள். வால் நுனியை முட்டிக் கிழித்துத் தலையை வெளியே நீட்டினாள். விரியனின் வால் கட்டெல்லாம் அவள் கழுத்தில் வந்து நெருங்கியது. அவன் கழுத்து வெறுமை அவள் வாலுக்குப் போனது.

"அடிப் பைத்தியக்காரி! தலைகீழாப் போட்டுட்டியேடி! வாய்ப் பக்கம் வாய் இருந்தாத்தான கல்லுல உரசிக் கழட்ட முடியும்?" என்று விரியன் கத்தினான். அவள் பாதி தூரம் போயிருந்தாள்.

பொந்துக்குள் அலகை நீட்டப் போன கோழி, சுவரில் ஏறி வந்த வெள்ளைப் பட்டைகளைப் பார்த்தது. "ஆத்தி, விரியன்!" என்று இறகு உதிர ஓடியது. பூனை கூரைக்குத் தாவியது. சுவரேறிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளைக் கண்டு ஒரு உயிர் ஓடியது அன்றுதான்.

கோழி போட்ட கூச்சலில் ஒச்சாயி வெளியே வந்தாள். போன மழைக்காலத்தில்தான் அவள் தங்கை மகன் கட்டுவிரியன் கடித்து, விடிவதற்குள் கண் செருகிப் போய்ச் சேர்ந்திருந்தான். சுவரைப் பார்த்தவள் அப்படியே பின்வாங்கினாள்.

"அக்கா, பயப்படாதீங்க. நான்தான், சுவரேறி!"

ஒச்சாயி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். "ஐயோ, நம்ம சுவரேறியை முழுங்கிட்டு அவ குரல்லயே பேசுதே! ஏங்க, ஓடியாங்க!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் புருஷன் சின்னக்கருப்பன் மூங்கில் கம்போடு வந்தான். முதல் அடி சுவரில் விழுந்தது, இரண்டாவது அடி அவள் வாலில். சுவரேறி துடித்துக்கொண்டு பொந்துக்குள் புகுந்து முட்டைகளைச் சுற்றிக்கொண்டாள்.

"அடிக்காதீங்கண்ணே! உள்ளே மூணு முட்டை இருக்குண்ணே!"

"கேட்டியா? குட்டி வேற போடப் போகுதாம்" என்றான் சின்னக்கருப்பன். "மண்ணைக் குழைச்சு அடைடி. சீக்கிரம்!"

ஒச்சாயி மண் குழைத்தாள். அழுதுகொண்டே அடைத்தாள். செத்துப்போன சுவரேறிக்காக அழுதாள் பாவம்.

உள்ளே சுவரேறி சட்டையைக் கழற்ற உடம்பைச் சுவரில் தேய்த்தாள். தோல்தான் எரிந்தது; சட்டை அசையவில்லை. பொந்தின் பின்புறம் ஒரு விரிசல் இருந்தது, அவள் மட்டும் நுழைகிற அளவுக்கு. முட்டையைத் தூக்கிப்போகப் பாம்புக்குக் கை ஏது? அவற்றை விட்டுவிட்டு வெளியே வந்து, விரிசலுக்குக் கீழே சருகுக்குள் காத்துக் கிடந்தாள். பிள்ளைகளாவது பழைய பழுப்போடு பிறக்க வேண்டும் என்று தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து விரிசல் வழியே மூன்று குட்டிகள் எட்டிப் பார்த்தன. அந்தச் சட்டையோடு தாய் சுற்றிக் கிடந்ததில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, மூன்றின் கழுத்திலும் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. வால் பக்கம் போகப் போக மங்கி, நுனியில் வெறும் பழுப்பு.

அந்த நேரம் பார்த்து ஒச்சாயி அந்தப் பக்கமாக வந்தாள். தாய் விரிசல் வழியே பேசிப் பேசி, ஒச்சாயி அக்கா பேரை முட்டைக்குள்ளேயே கேட்டு வளர்ந்த மூத்த குட்டி, "அக்..." என்று ஆசையாக வாயெடுத்தது.

சுவரேறி பாய்ந்து அதன் வாயைத் தன் உடம்பால் அமுக்கினாள். "பேசாத. யாருகிட்டயும் பேசாத. ஓடு" என்றாள். அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

நாம் வெள்ளிக்கோல் வரையன் என்று சொல்லும் பாம்பு, கழுத்தில் நெருங்கி வாலில் மங்கும் பட்டையோடு திரிவதும், விரியனுக்கு அந்தக் கட்டு வால்வரை போவதும் அன்று வந்த வித்தியாசம். அதைத் தள்ளி நின்று பார்க்கலாம். கிட்டே போய்ச் சோதிக்க வேண்டாம். ஆளைக் கண்டதும் அந்தச் சின்னப் பாம்பு ஒரு சத்தமும் இல்லாமல் சுவர் விரிசலுக்குள் ஓடுகிறதே, அன்றைக்குத் தாய் சொன்னதைத்தான் அது இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறது.