யமன் விருந்துக்குப் போன தீபாவளி

ஒரு ஆத்தங்கரையில ஒரு அக்கா, தம்பி தலையில நல்லெண்ணெயை ஊத்தி பரபர பரபரனு தேய்ச்சுக்கிட்டிருந்தா. இன்னும் சரியா விடியல. மணல்ல குந்தி உக்காந்திருந்த தம்பிக்குக் குளிர்ல பல்லு கடகடனு அடிக்குது.

"போதும்க்கா, காதுக்குள்ள போகுது."

"வாயை மூடுறா. முதுகைக் காட்டு."

முதுகு, தோளு, கையி, காலு, எல்லா இடத்துலயும் எண்ணெய். அப்பதான் பிடிச்ச மீன் மாதிரி மினுமினுனு இருந்தான். கதை கேட்டா ம் கொட்டணும், ம் சொல்லு.

"ம்."

அக்கா பேரு சுகந்தி. தம்பி பேரு தினகரன், அவ கூப்பிடறது தினா. ரெண்டு பேருக்கும் ஊரு தாராபுரம். ஆனா அது நம்ம ஊரு ஆறு இல்ல. நேபாளத்துல ஒரு ஆறு. பெரிய பெரிய மலைக்கு நடுவுல ஹோனு சத்தம் போட்டுக்கிட்டு ஓடற ஆறு.

"அவ்வளவு தூரம் ஏன் போனாங்க, பெரியப்பா?"

அவங்க அம்மா அந்த வருஷம் செத்துப் போயிட்டாங்க. செத்த வீட்ல ஒரு வருஷத்துக்குத் தீபாவளி கிடையாது இல்ல? எண்ணெய் கிடையாது, புதுத்துணி கிடையாது, அடுப்புல பலகாரச் சட்டி ஏறாது. பக்கத்து வீட்டு ஆளுங்க தட்டுல முறுக்கு கொண்டாந்து வச்சிட்டு, பாவமா பாத்துட்டுப் போவாங்க. தம்பி சொன்னான், "அக்கா, அந்தப் பார்வையை என்னால தாங்க முடியாது. ஊர்லதானே கூடாது? வெளிநாட்டுல யாரு வந்து கேக்கப் போறா?"

அப்புறம் எல்லா ஏற்பாடும் அவனே பண்ணினான். ரப்பர் படகுல ஆத்தோட போறது, மலை ஏறறது, இந்த மலையில இருந்து அந்த மலைக்குக் கம்பியில தொங்கிக்கிட்டுப் போறது, தெருத் திருவிழா பாக்கறது. அந்த ஊர்லயும் அப்போ பண்டிகை. ஒரு நாள் காக்காவுக்கு, ஒரு நாள் நாய்க்கு, ஒரு நாள் மாட்டுக்குனு அஞ்சு நாளும் தெரு அமர்க்களப்படும்.

அவங்களைப் படகுல கூட்டிட்டுப் போனவன் பேரு தில் பகதூர். கோயமுத்தூர்ல பரோட்டாக் கடையில மாவு பிசைஞ்சவன், அதனால தமிழ் பேசுவான். மரியாதை மட்டும் வராது. "அக்கா நீ குனி, தம்பி நீ துடுப்புப் போடு"ம்பான். தினா அவனைத் "தில்லு மாஸ்டர், ரெண்டு கொத்து பரோட்டா"னு கேலி பண்ணுவான். அவனும் சிரிப்பான்.

அப்போ, தீபாவளிக்கு முந்தின நாள், ஆத்தங்கரை மணல்ல கூடாரம் போட்டாங்க. தம்பி பையில இருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்தான்.

"வேண்டாண்டா தினா. வருஷம் திரும்பல."

"கங்கா ஸ்நானம் ஆச்சா, கங்கா ஸ்நானம் ஆச்சானு ஊர் பூரா கேப்பான். எல்லாவனும் பாத்ரூம்ல பக்கெட்டுத் தண்ணியில குளிச்சிட்டு ஆச்சும்பான். இந்த ஆறு நேரா போய் கங்கையிலதான் விழுதாம். நான் நெசமாவே குளிக்கப் போறேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "அம்மா இருந்தா தேய்ச்சு விட்டிருப்பா"ன்னான்.

அக்கா பாட்டிலை வாங்கி வச்சுக்கிட்டா. அதான் விடியறதுக்கு முன்னாடி தேய்ச்சுக்கிட்டிருந்தா.

தில் சொன்னான், "முட்டி வரைக்கும் போ. அதுக்கு மேல போகாத. மேல தண்ணி தூங்கும், கீழ ஓடும்."

"அவனுக்கு நீச்சல் தெரியாதா?"

தெரியும். கிணத்துல குதிச்சு வளந்தவன்தான். ஆனா கிணத்துத் தண்ணி நின்ன இடத்துல நிக்கும்.

தம்பி இறங்கினான். முட்டி வரைக்கும் போய் உக்காந்து முழுகினான். சளக்!

"கங்கா ஸ்நானம் ஆச்சா?"னு கரையில இருந்து அக்கா கேட்டா.

"ஐயோ, ஐஸுக்கா! இன்னும் இல்ல!"

ரெண்டாவது முழுக்கு. சளக்!

"ஆச்சா?"

"இன்னொண்ணு!"

மூணாவது முழுக்குக்கு ஒரே ஒரு அடி உள்ள வச்சான். சளக்.

"ஆச்சா?"

பதில் இல்ல.

"ம்."

தில் தொபுக்குனு குதிச்சான். கையைப் பிடிச்சான். வழுக்னு போச்சு. தலைமுடியைப் பிடிச்சான். அதுவும் வழுக்னு போச்சு. கரைக்கு ஓடி வந்து கயித்தை வீசினான். தம்பி கயித்தைப் பிடிச்சிட்டான், ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டான். அக்கா பாத்தா. கயிறு அவன் உள்ளங்கையில சரசரனு உருவிக்கிட்டு வெளிய வந்துடுச்சு. அக்காவும் தில்லும் இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டே இருந்தாங்க. அதுல ஆள் இல்ல.

அப்புறம் போலீஸ் வந்தது, படகு வந்தது, தேடினாங்க. "நீங்க ஓட்டலுக்குப் போங்க, கிடைச்சா சொல்றோம்"னாங்க. அக்கா போகல. "தண்ணி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் நானும் போறேன்"னு கிளம்பிட்டா. தில்லும் கூடவே நடந்தான். கரையோரம் கல்லும் முள்ளும். பாறை இடுக்குல எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே போனாங்க.

மொதல்ல ஒரு ஊரு வந்தது. அன்னிக்கு நாய்ங்களோட நாள். தெருவுல திரியற நாய்க்கெல்லாம் செவ்வந்தி மாலை, நெத்தியில செகப்புப் பொட்டு. முட்டையும் சோறுமா இலையில வச்சிருக்காங்க. அக்கா ஒரு பொம்பளைகிட்ட, "ஆத்துல ஒரு ஆளு வந்தானா? இருபத்துநாலு வயசு, ஒல்லியா இருப்பான்"னு கேட்டா. தில் அவங்க பாஷையில சொன்னான்.

அந்தப் பொம்பளை ஒரு மாலையை எடுத்து அக்கா கையில குடுத்தா. "நாய்தான் யமனோட வாசல்ல காவல் இருக்கு. இன்னைக்கு அதைக் குளுர வச்சிட்டு அதுகிட்டயே கேளு."

அக்காவுக்கு நாய்னா பயம். ஊர்ல நாய் வந்தா தினா பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவா. இருந்தாலும் குனிஞ்சா. ஒரு கறுப்பு நாய்க்கு மாலை போட்டா. "எந்தம்பியைப் பாத்தியா?"னு அது காதுல கேட்டா. அது லபக் லபக்னு முட்டையைத் தின்னுது. அப்புறம் அவ கையை மோந்து பாத்துது. உள்ளங்கையில இன்னும் எண்ணெய் இருந்தது. அதை நக்கிட்டு வாலை ஆட்டிக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிடுச்சு. ம்?

"ம்."

அடுத்த நாள் அடுத்த ஊரு. அன்னிக்கு லட்சுமி பூஜை. பொழுது சாய்ஞ்சதும் வீட்டுக்கு வீடு விளக்கு. வாசல்ல இருந்து பூஜை அறை வரைக்கும் மாவுல சின்னச் சின்னக் காலடி. பொண்ணுங்க கூட்டமா டும் டும் டும்னு மத்தளம் அடிச்சிக்கிட்டு, வாசல் வாசலாப் பாடிக்கிட்டு வருதுங்க. அக்காவைப் பாத்ததும் வெளிநாட்டுக்காரினு சுத்தி நின்னுக்கிட்டுதுங்க. ஒருத்தி கையைப் பிடிச்சு இழுத்து, "ஆடு அக்கா, ஒரே ஒரு சுத்து"ங்கறா.

அக்கா அந்தக் கையை விடல. விடாமலே, "எந்தம்பியைப் பாத்தியா?"னு கேட்டா.

தில் சொன்னதும் மத்தளம் நின்னு போச்சு.

அந்த வீட்டுக் கிழவர் ஒருத்தர் எழுந்து வந்தார். "பயப்படாதம்மா. இந்த அஞ்சு நாளும் யமன் தன் தங்கச்சி வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கான். தங்கச்சி சோறு போடறா, அவன் சாப்பிடறான். யாரையும் எடுக்க மாட்டான். உன் தம்பி எங்கயோ கரை ஏறி இருப்பான். பண்டிகையோட கடைசி நாள் உடன்பிறப்புங்க நாள். அன்னிக்கு அவன் நெத்தியில ஏழு நிறத்துல பொட்டு வச்சு, வாடாமல்லி மாலை போட்டுடு. ஒரு வருஷத்துக்கு யமன் அவன் கிட்ட வர முடியாது."

அக்கா அதை நம்பினா. ரெண்டு நாளா பச்சைத் தண்ணி குடிக்காதவ, அவங்க குடுத்த அரிசி மாவுப் பலகாரத்தை வாங்கி நறுக் நறுக்னு தின்னா. பொண்ணுங்க ஒரு வாடாமல்லி மாலையைக் கட்டிக் குடுத்துதுங்க. தில் மட்டும் அவ முகத்தைப் பாக்கல. அவன் ஆத்துல பொழைக்கறவன், அவனுக்குத் தெரியும்.

"யமன் நெசமாவே லீவுல இருந்தானா?"

அந்தக் கிழவர் அப்படித்தான் சொன்னார்.

அப்புறம் மூணாவது நாள், பாதை போற வழியில மலை சரிஞ்சு கிடந்தது. அந்தக் கரைக்குப் போனாத்தான் மேல நடக்கலாம். பாலம் கிடையாது. ஆத்துக்குக் குறுக்க ஒரு இரும்புக் கம்பி, அதுல ஒரு தகரப் பெட்டி தொங்குது. உள்ள உக்காந்து கயித்தை இழுத்து இழுத்துப் போகணும். தினா கம்பியில தொங்கிப் போகணும்னு ஆசைப்பட்டப்போ, "நான் கீழ நின்னு போட்டோ எடுக்கறேன், நீ போ சாமி"னு சொன்னவ அக்கா. மாடியில நின்னு எட்டிப் பாக்கக்கூட மாட்டா.

"நீ இரு அக்கா, நான் போய் பாத்துட்டு வரேன்"னான் தில்.

"நீ பாத்தா போதுமா? பொட்டு நானில்ல வைக்கணும்?"

ஏறி உக்காந்தா. தில்லும் கூட ஏறி கயித்தை இழுத்தான். கிரீச்... கிரீச்... நடு ஆத்துல போனப்போ காத்து ஒரு ஆட்டு ஆட்டுச்சு. அக்கா வீல்னு கத்திக்கிட்டு ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சா. மடியில இருந்த மாலை நழுவி விழுந்துடுச்சு. கீழ பாத்தா, தண்ணியில சின்னப் புள்ளியா சுத்திச்சு. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. அப்புறம் காணோம்.

"வேற மாலை கிடைக்கும்"னான் தில்.

"ம். கிடைக்கும்"னா அவளும்.

மறுநாள் விடிஞ்சா கடைசி நாள். அன்னிக்கு ரெண்டு பேரும் ஓட்டமும் நடையுமாப் போனாங்க. வழியில வீடு வீடா, அண்ணன் தம்பிங்க பாயில வரிசையா உக்காந்திருக்காங்க. அக்கா தங்கச்சிங்க அவங்களைச் சுத்தி எண்ணெய்க் கோடு விட்டுக்கிட்டு நடக்கறாங்க. வாசல்ல அக்ரூட்டுக் கொட்டையை வச்சு டப்பு டப்புனு உடைக்கறாங்க. அக்கா எந்த வாசல்லயும் நிக்கல.

அப்போ ஆறு வளையற எடத்துல ஒரு சின்ன ஊரு. ஆத்தங்கரை மரத்தடியில கூட்டம். ஒரு அம்மா ஒரு பொண்ணைப் போட்டுத் திட்டிக்கிட்டிருக்கா. பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு இருக்கும். மெல்லிசா ஒரு சட்டை, பாவாடை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, வெடவெடனு நடுங்கிக்கிட்டு நிக்கறா. அவ போத்தியிருந்த சால்வை கீழ கிடக்கு. சால்வைக்கு அடியில ஒரு ஆளு.

"ம்..."

அக்கா போய் மண்டி போட்டா. சால்வையை விலக்கினா. தினாதான். நெத்தியில மேல இருந்து கீழ வரைக்கும் ஏழு நிறத்துல பொட்டு. கழுத்துல வாடாமல்லி மாலை.

அந்த அம்மா திட்டறதை நிறுத்தல. "என்ன சொல்றாங்க?"னு அக்கா கேட்டா, திரும்பாமலே.

தில் மெதுவாச் சொன்னான். "காலையில மீன் பிடிக்கறவன் பாத்தான். போலீஸ் வரட்டும்னு போட்டு வச்சான். இந்தப் பொண்ணு வந்து பொட்டு வச்சிட்டா. அதான் அம்மா திட்டுது. பொணத்துக்குப் போய் பொட்டு வைக்கறியே, உங்கூடப் பொறந்தவன் கத்தார்ல உயிரோட இருக்கான், அவனுக்கு ஆகுமா, உனக்குப் புத்தி இருக்கானு கேக்குது."

"அவ என்ன சொன்னா?"

"இவருக்கு ஒரு அக்கா இருப்பா, தேடிக்கிட்டு வருவா, இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்னு சொல்லுது."

அந்த அம்மா மறுபடியும் என்னமோ சொல்லிக் கையை நீட்டிக் காட்டினா. கூட்டத்துல ரெண்டு பேரு சிரிச்சாங்க.

"இப்ப என்ன?"

"விடு அக்கா."

"சொல்லு தில்லு."

"பொட்டு வச்சா அண்ணன்காரன் ஏதாவது குடுக்கணும், அதான் முறை. உன் அண்ணன் எழுந்து உனக்கு என்ன குடுத்தான்னு கேலி பண்ணுது."

அவ்வளவுதான் சாமி. கதை கரை ஏறிடுச்சு, நீ கண்ணை மூடு.

"யமன்தான் விருந்துக்குப் போயிட்டானே. அப்ப தினாவை யாரு எடுத்தா?"

ஆறு எடுத்துச்சு. தூங்கு.

"அக்கா அழுதாளா?"

அப்புறமா அழுதிருப்பா. அப்போ அழல. எழுந்து நின்னா. தான் போட்டிருந்த கம்பளி ஜாக்கெட்டு ஜிப்பை சர்ருனு கீழ இறக்கிக் கழட்டினா. அந்தப் பொண்ணோட ஒரு கையைப் பிடிச்சு உள்ள விட்டா, இன்னொரு கையை உள்ள விட்டா. ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏத்தி விட்டா.