நிறுத்தப்பட்ட சிப்

தயாபரன் பெங்களூரில் முப்பது வருடம் சிப் வடிவமைத்தவர். ஓய்வு பெற்றதும் சென்னை ரிச்சி தெருவில், மாடியில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருந்த ஜன்னத்திடம் வேலை கற்கச் சேர்ந்தார். அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு முப்பத்து நான்கு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

ஒருநாள் துளசிமணி என்ற பெண் தன் அம்மாவோடு வந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள். சிறு வயதில் தலைக்குள் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். அதோடு இணைந்து வேலை செய்கிற, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் நான்கு நாளாக ஓடவில்லை.

"இந்த மாடலையே நிறுத்திட்டாங்களாம்" என்றாள் அம்மா. "புதுசு வாங்கினா உள்ள இருக்கறதோட சேராதாம். மறுபடி தலையைத் திறக்கணும்ங்கறாங்க."

"வேணாம்!" என்று, அம்மாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த துளசிமணி கத்தினாள். தான் கத்துவது அவளுக்குத் தெரியவில்லை.

தயாபரன் தணிந்த குரலில் சொன்னார். "டீச்சர், இது ரொம்பப் பழசு. இப்ப வர்ற சிப் இருபது மடங்கு வேகம். அந்த ஓட்டத்தை யாராலயும் நிறுத்த முடியாது."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

மெஷின் மேல் 'திறக்கக் கூடாது' என்று ஸ்டிக்கர் இருந்தது. ஜன்னத் அதை நகத்தால் கிழித்தெடுத்தாள். மூடியைக் கழற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"பவர் சிப் எரிஞ்சிருக்கு. பாருங்க சார்."

தயாபரன் குனிந்து பார்த்தார். சிப்பின் மேலிருந்த எண்ணைப் படித்தார்.

"இது எங்க டீம் செஞ்சது" என்றார். "இதை நிறுத்தலாம்னு கையெழுத்துப் போட்டது நான்தான். பத்து நிமிஷ மீட்டிங்."

ஜன்னத், காயலான் கடையில் வாங்கிய ஒரு எலக்ட்ரானிக் தராசின் சர்க்யூட் போர்டை அவர் முன் வைத்தாள். அதே சிப் அதில் இருந்தது.

"எடுத்து மாத்துங்க."

"நானா? எனக்கு இன்னும் பழகலையே டீச்சர்."

"பழகிடும். மாத்துங்க."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. துளசிமணி மெஷினை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு சிரித்தாள்.

"கீழ ஆட்டோக்காரர் யாரையோ அசிங்கமா திட்டறார்."

அம்மா அழுதுவிட்டாள். ஜன்னத் ஒரு துண்டுக் காகிதத்தில் 'திறந்தது நான்' என்று எழுதி, தன் பெயரையும் போன் நம்பரையும் சேர்த்து, ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஒட்டிக் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் தயாபரன் சொன்னார். "கம்பெனிக்காரங்க கேஸ் போடுவாங்க டீச்சர்."

"போடட்டும். அதுக்குத்தான் நம்பர்."

"அடுத்த வருஷம் இன்னும் புது சிப் வரும். அதுக்கடுத்த வருஷம் இன்னொண்ணு. எத்தனை நாளைக்கு எதிர்த்து நிப்பீங்க?"

"வரட்டும் சார். நல்லா இருந்தா நானும் வாங்குவேன். ஆனா, எனக்காக அவ தலையைத் திறன்னு அது சொன்னா, முதல்ல அதைத்தான் திறப்பேன்."