தீராத ரசம்

ஊர்ப் பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. அந்த ஊரில் கோமதி என்று ஒருத்தி. அவள் மகள் வடிவைப் பெண் பார்த்தவர்களெல்லாம் காப்பியோடு போய்விட்டார்கள். இந்த முறை வருகிற சம்பந்திக்கு ஈயச் சொம்பு ரசம் என்றால் உயிராம். ரசம் பிடித்தால்தான் மேலே பேச்சாம்.

கோமதி ஒரு சொம்பை இரவல் வாங்கி வந்தாள். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவார்களே, அந்த வெள்ளீயத்திலேயே முழுக்கச் செய்தது. வெள்ளி மாதிரி மினுக்கும். புளி பட்டாலும் களிம்பு ஏறாது. ஆனால் தீயில் சீக்கிரம் உருகிவிடும்.

அடுப்படியில் அவளுடைய அண்ணன்மார் சடையனும் மாசானமும்.

"அண்ணே, சொம்பு அடுப்புல வெறுமனே இருக்கக் கூடாது. உருகிப் போகும்" என்று சொல்லிவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போனாள்.

இருவரும் சொம்பு நிறையத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தார்கள். பிறகு புளிக்கரைசல் ஊற்ற இடமில்லை. தண்ணீரைக் கொட்டினால் சொம்பு வெறுமையாகிவிடுமே. ஒருவர் ஒரு கரண்டி மொள்ள, மற்றவர் ஒரு கரண்டி புளிக்கரைசல் விட, எப்படியோ ரசம் ஆகிவிட்டது. வாசனை கூடம் வரை போனது. சம்பந்தி கண்ணை மூடிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டார்.

சடையனுக்குத் திக்கென்றது. "மாசானம், குறையுதுடா."

"இறக்கி வச்சிருவமா?"

"தங்கச்சி இறக்கச் சொன்னாளா?"

"சொல்லலையே."

எடுத்த ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கரண்டி தண்ணீர் விட்டார்கள். சம்பந்தி இலைக்குக் கடைசியாகப் போனது வெறும் வெந்நீர்.

"என்னம்மா, ரசத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் அவர். இதுவும் போச்சு என்று கோமதி நினைத்தாள்.

பக்கத்து இலையில் இருந்த மாப்பிள்ளை எழுந்து அடுப்படிக்குப் போனார். அண்ணன்மார் விஷயத்தைச் சொன்னார்கள். சொம்புக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தார். கூடத்துக்கு வந்து, தன் மோரை எடுத்துப் போய்ச் சொம்பில் ஊற்றினார்.

"கவனமா இருங்க மாமா, அடி தெரியுது."

கூடத்தில் அதைக் கேட்ட சம்பந்தியின் முகம் மலர்ந்தது. "இவனுக்குப் பொண்ணு எங்கே கிடைக்கும்னு ஏங்கிக்கிட்டிருந்தேன். ஆண்டவன் இங்க கொண்டுவந்து விட்டிருக்கான். அந்த ரசம் தீரட்டும், தேதி குறிச்சிரலாம்."

கோமதி கும்பிட்டாள்.

உள்ளே மூவரும் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். குடம் காலி என்றதும், கல்யாணப்பெண் வடிவு கிணற்றுக்கு ஓடியிருக்கிறாள்.