ஒன்றுக்குள் ஒன்று போன மூன்று கூடைகள்

எல்லோரும் உட்கார்ந்தாயிற்றா? பின்னால் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். இது ஒரு கூடையின் கதை. கூடையில் என்ன கதை இருக்கும் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

முன்னொரு காலத்தில், கிழக்கே மலைக்கு மேல் மலை அடுக்கிய நாட்டில், மூங்கில் காட்டுக்கு நடுவே குக்கி மக்களின் ஊர் ஒன்று இருந்தது. காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் நெல் விதைப்பார்கள். அறுவடை முடிந்ததும் குட் என்ற திருவிழா. மூன்று நாள் பறை, மூன்று நாள் ஆட்டம், மூன்று நாள் அரிசிக் கள்.

அந்தத் திருவிழாவில் பெண்களுக்கென்றே ஒரு பெருமை உண்டு. எவள் களத்தில் நூறு கூடை நெல் குவிகிறதோ, அவள் ஊருக்கு விருந்து வைக்கலாம். சாங் ஆய் என்று அதற்குப் பெயர். அந்த விருந்தை வைத்தவள் செத்த பிறகு, செத்தவர்களின் ஊருக்குப் போகும் பாதையில் ஒரு பிசாசுக்காரி நிற்பாளாம். மற்றவர்களை மறித்து மயிரைப் பிடித்து உலுக்குவாள். விருந்து வைத்தவள் வந்தால் மட்டும் ஒதுங்கி வழி விடுவாள். நம்பினால் நம்புங்கள். அந்த ஊர்ப் பெண்கள் நம்பினார்கள்.

அதற்கு அந்த ஊரில் இரண்டு விதி. வீட்டு ஆண்பிள்ளை அந்த வருஷம் புதிதாகப் பின்னிய கூடையில்தான் நெல்லை எண்ண வேண்டும். நூறு தாண்டினால், விளைச்சல் கெட்டுப்போன ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூடை நெல்லை அந்த ஆண்பிள்ளையே, யார் உதவியும் இல்லாமல், தன் முதுகில் சுமந்து போய்க் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியை மறந்துவிடாதீர்கள். கதையில் ஒருத்தன் மறந்தான், பட்டான்.

அவன் பெயர் பாவ்தாங். அவன் மனைவி லாம்நெங். அவர்களுக்கு ஹோய்னு என்று ஒரு சின்ன மகள்.

லாம்நெங் உழைப்பாளி. விடியும் முன்பே மலைச்சரிவில் நிற்பாள். பாவ்தாங்கும் சோம்பேறி இல்லை, பொய் சொல்லக் கூடாது. மூங்கில் பின்னுவதில் அவன் கையை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த ஊரில் ஆண்களுக்குப் பெருமை வேட்டையில். பாவ்தாங் வாழ்நாளில் வேட்டையாடிக் கொண்டு வந்தது ஒரு காட்டுக்கோழி, ஒரு உடும்பு, மூன்று பொய்கள். அவ்வளவுதான்.

முதல் வருஷம் லாம்நெங்கின் களத்தில் தொண்ணூற்றிரண்டு கூடை வந்தது. ஊரே அசந்துபோயிற்று. "அடுத்த வருஷம் விருந்து உங்க வீட்லதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். பாவ்தாங்கும் சிரித்தான். உள்ளுக்குள் மட்டும் ஏதோ புகைந்தது.

இரண்டாம் வருஷம் அவள் பக்கத்து ஓடைவரை காட்டை வெட்டி விதைத்தாள். கதிர் தலை சாய்ந்து விளைந்தது. எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றொன்று.

இதென்ன கூத்து? கூட விதைத்தால் குறைந்தா வரும்? லாம்நெங்குக்கு இதை அப்படியே விட்டுவிட மனசில்லை. என்ன ஆயிற்று என்று தெரிந்தால்தான் சோறு இறங்கும் என்ற ரகம் அவள்.

முதலில் எலியைச் சந்தேகப்பட்டாள். களஞ்சியத் தரையில் சாம்பலைத் தூவினாள். மறுநாள் பார்த்தால் ஒரு கால்தடம்கூட இல்லை.

பிறகு கிளியைச் சந்தேகப்பட்டாள். மூன்றாம் வருஷம் இன்னும் அகலமாக விதைத்தாள். கதிர் முற்றும் காலம் முழுக்கப் பரணில் உட்கார்ந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள். ஒரு கிளியையும் இறங்கவிடவில்லை.

கடைசியாக ஆவியைச் சந்தேகப்பட்டாள். பூசாரியிடம் ஒரு கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மந்திரம் சொல்லி, கோழியையும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுச் சொன்னார்: "ஆவி எதையும் எடுக்கலையாம்மா. கோழி மட்டும் நல்லா இருந்துச்சாம்."

அறுவடை முடிந்தது. மறுநாள் எண்ண வேண்டும். லாம்நெங் திருவிழாவுக்காக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் வருஷத்துக் கூடை கோழிக் குஞ்சுகளை மூடக் கிடந்தது. இரண்டாம் வருஷத்துக் கூடை இஞ்சி போட்டு அடுப்புக்கு மேலே தொங்கியது. பாவ்தாங் பின்னிய புதுக்கூடை சுவரோரம் பளபளவென்று நின்றது. இடத்தை அடைக்கிறதே என்று மூன்றையும் காலி செய்து ஒரு மூலையில் அடுக்கினாள்.

கோழிக் கூடை இஞ்சிக் கூடைக்குள் போயிற்று. இஞ்சிக் கூடை புதுக்கூடைக்குள் போயிற்று.

லாம்நெங் அப்படியே நின்றாள். எடுத்தாள், மறுபடி போட்டாள். மறுபடியும் போயிற்று. ஒரே கை பின்னிய கூடைகள் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் போகும்? விரலை வைத்து அளந்தாள். வருஷத்துக்கு ஒரு விரற்கடை வாயும் பெருத்திருந்தது, வயிறும் பெருத்திருந்தது. எலி இல்லை, கிளி இல்லை, ஆவி இல்லை. வீட்டுக்காரர்!

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்களா? வராமல் என்ன செய்யும்? முதல் கூடையில் எண்ணியிருந்தால் போன வருஷமே அவளுக்கு நூறு வந்திருக்கும்.  சாம்பலும் கோழியும் கட்டிப்போன தொண்டையும் நினைவுக்கு வந்து அழுதாள். ஊரைக் கூட்டிச் சொன்னால் பாவ்தாங்கின் மானம் அன்றோடு போய்விடும். கூடையில் ஏமாற்றிய வீடு என்று விருந்தும் போய்விடும். சொல்லாமல் விட்டால் இந்த வருஷமும் நூறு வராது. முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தாள்.

மறுநாள் களத்தில் ஊர் கூடியது. ஊர்த் தலைவர் வந்து உட்கார்ந்தார். லாம்நெங் இரண்டு கூடைகளோடு வந்தாள். கழுவிக் காயவைத்த கோழிக் கூடை ஒன்று, புதுக்கூடை ஒன்று.

"தலைவரே, ஒரு ஆசை. இதுவும் எங்க வீட்டுக்காரர் பின்னினதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புதுசா இருந்தப்ப இதுல தொண்ணூத்திரண்டு வந்துச்சு. இன்னிக்கு இதே கூடையில எவ்வளவு வருதுன்னு பாக்கணும்."

விதி புதுக்கூடையைத்தான் கேட்கிறது. ஆனால் இதுவும் அதே கை பின்னியதுதானே என்று தலைவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. "பாரேன், அதையும்தான் பாத்துடுவோம். அப்போ அந்தப் புதுசு எதுக்கு?"

"அது எண்ணறதுக்கு இல்லீங்க. குடுக்கறதுக்கு. பாருங்க, எவ்வளவு பெருசாப் பின்னியிருக்கார்! மனசு அவ்வளவு பெருசு."

ஊரே ஆகா என்றது. பாவ்தாங் மட்டும் கட்டை மாதிரி நின்றான்.

எண்ணினார்கள். தொண்ணூறு தாண்டியது. நூறு தாண்டியது. நூற்றுப் பதினான்கில் நின்றது. பறை முழங்கியது. லாம்நெங்கை நடுவில் நிறுத்திப் பெண்கள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள்.

இப்போது அந்த இரண்டாவது விதி.

அந்த வருஷம் விளைச்சல் கெட்ட வீடுகள் ஏழு. பாவ்தாங் புதுக்கூடையில் நெல்லை நிரப்பி, கூடையைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டி எழுந்தான். முதல் வீட்டில் மூச்சு வாங்கியது. மூன்றாவது வீட்டில் கூடையை இறக்கி வைத்துத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான். ஆறாவது வீட்டில் ஒவ்வொரு விரற்கடையும் முதுகில் தனித்தனியாகத் தெரிந்தது. தான் பின்னியதைத் தானே திட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான்.

ஏழாவது வீடு மலையுச்சியில் கிம்போய் என்பவளுடையது. மழையில் மண் சரிந்து அவள் நெல் முழுக்கப் போய்விட்டது. அவள் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, வழக்கமா வர்ற கூடையை விட இது நாலு நாளைக்குக் கூடவே வரும். அந்த நாலு நாளும் என் பிள்ளைங்க உங்க பேரைச் சொல்லிச் சாப்பிடும்."

பாவ்தாங்கால் அதைத் தாங்க முடியவில்லை. நெல்லின் பாரத்தைத் தாங்கியவன் இந்தச் சொல்லில் உட்கார்ந்துவிட்டான்.

இறங்கி வந்தான். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் போய் நின்று, "நிறுத்துங்க" என்றான். பறை நின்றது.

"இந்தக் கூடையை நான் குடுக்கறதுக்குப் பின்னல. இவ நூறு எண்ணிடக் கூடாதுன்னு பின்னினேன். இவ விருந்து வச்சா, ஒரு மான்கூட அடிக்காத என்னைப் பாத்து ஊரு சிரிக்கும்னு பயந்தேன்."

 லாம்நெங் கள் நிறைந்த குடுவையோடு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"தெரியும், ஹோய்னு அப்பா. நேத்தே தெரியும். மூணு கூடையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போச்சு."

"தெரிஞ்சுமா என்னைப் பெரிய மனசுக்காரன்னு சொன்னே?"

"உங்க மானமும் வேணும், என் விருந்தும் வேணும்னு நினைச்சேன். அதுக்காக உங்களைச் சும்மா விடவும் மனசு வரல. ஏழு தடவை ஏறினீங்கல்ல? சரியாப் போச்சு. குடிங்க."

எண்ணியது நேர்மையான கூடையில்தானே என்று தலைவர் முதலில் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. பாவ்தாங் பயந்த அந்தச் சிரிப்பு வந்தேவிட்டது. வந்த பிறகு பார்த்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. அவனும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த வருஷம் என்ன செய்தான் தெரியுமா? குற்றம் செய்த மனசு, எண்ணும் கூடையை ஒரு விரற்கடை சின்னதாகப் பின்னிக் கொண்டுவந்து நீட்டினான். லாம்நெங் அதை அந்த முதல் வருஷத்துக் கோழிக் கூடைக்குள் போட்டாள். உள்ளே போயிற்று.

"இதுவும் பொய்தான்" என்று திருப்பிக் கொடுத்தாள். "எண்ணறதுக்குச் சரியா ஒண்ணு பின்னுங்க. குடுக்கறதுக்கு மட்டும் பெருசாவே இருக்கட்டும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வருஷத்துக்கு இரண்டு கூடை பின்னினார்கள். பெரிய கூடையைச் சுமந்தது கடைசிவரை பாவ்தாங்தான்.

ஆகவே, கேட்டவர்களே, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அடுத்தவர் பெருமையைக் குறைக்க ஒருவன் செய்கிற சூழ்ச்சி, கடைசியில் அவன் முதுகிலேயே சுமையாக ஏறும்.